ஆயா லீவு போட்டால் சம்பளம் உண்டா?

குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சில மணி நேரம் மட்டும் வருபவர்களுக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு தருவது? எப்படிக் கணக்குப் பார்ப்பது?

காலை ஏழே முக்கால் மணி. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் ஏழாவது மாடி. ஒன்றரை வயதுக் குழந்தை இட்லியைப் பிசைந்து தரையில் அப்பிக்கொண்டிருக்கிறது. அப்பா கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். எட்டு மணிக்கு வர வேண்டிய ஆயாவிடமிருந்து போன்.

“மேடம், சின்னவனுக்கு ராத்திரியிலிருந்து ஜுரம் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு வர முடியாது மேடம்.”

“என்னக்கா, கடைசி நேரத்துல சொல்றீங்க?”

சமையலறைச் சுவரில் மாத காலண்டர் தொங்குகிறது. அன்றைய தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். மாதம் முடிந்ததும் வட்டங்களை எண்ணிச் சம்பளத்தில் கழிப்பார்கள். அந்த அம்மாவும் அன்று அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருக்கிறார். அது கேஷுவல் லீவு. அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது. ஆயாவுக்கோ மருத்துவச் செலவும் உண்டு, ஒரு நாள் கூலியும் போச்சு.

சென்னையின் ஐ.டி. குடியிருப்புகளில் மாதந்தோறும் முதல் வாரத்தில் கிளம்பும் மனக்கசப்புகளில் பெரும்பங்கு இந்த வட்டங்களால் வருவதுதான். கொடுப்பவருக்கும் சங்கடம், வாங்குபவருக்கும் சங்கடம். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரும் லீவைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பதே காரணம்.

மூன்று வீடு, மூன்று கணக்கு

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் காலை பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கிளம்பும் பெண்களில் பலர் இந்த வேலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சிலர் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. சிலர் பிளே ஸ்கூல் விட்டதும் இரண்டு மணிக்கு வந்து, அம்மா அலுவலகம் முடித்து வரும் வரை. கொரோனாவுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு வகையும் வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகும் பெற்றோர், அந்த மூன்று நாளுக்கு மட்டும் ஆளைக் கேட்கிறார்கள்.

பகுதி நேரம் என்பது வீட்டுக்காரர் பார்வையில் மட்டும்தான். அந்தப் பெண்ணுக்கு அன்றைய நாள் முழுநேரமே. காலையில் ஒரு வீட்டில் குழந்தை, மதியம் இன்னொரு வீட்டில் பாத்திரம், மாலையில் வேறொரு வீட்டில் சப்பாத்தி என்று மூன்று சம்பளம் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் நடக்கும். காய்ச்சல் வந்தால் மூன்று வீட்டிலும் ஒரே நாளில் வட்டம் விழும். விடுப்பைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

சட்டம் வாசலோடு நிற்கிறது

கடையில் வேலை செய்பவருக்குத் தமிழகத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, அது தவிர 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு என்று அது சொல்கிறது. ஜவுளிக்கடையில் துணி மடிப்பவருக்கு இது பொருந்தும். அந்தக் கடை முதலாளியின் வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பொருந்தாது. வீடு, கடையும் அல்ல, நிறுவனமும் அல்ல.

2025 நவம்பர் 21 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்த விஷயத்தில் வாசலைத் தாண்டவில்லை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்கிறது. ஆனால் 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது.

தமிழக அரசு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக 2007இல் தனி நல வாரியம் அமைத்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை என்று நிர்ணயித்தது. அந்த வகையில் பல மாநிலங்களைவிடத் தமிழகம் முன்னே நிற்கிறது. ஆனால் வேலை தரும் வீடு ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே இல்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று, வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆக, இப்போதைக்கு ஆயாவின் லீவு வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது. மனசைப் பொறுத்தது என்பதால்தான் ஒரே அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் மாதம் இரண்டு நாள் லீவு, ஆறாவது மாடியில் ஒரு நாள்கூட இல்லை என்ற நிலை.

■ பெட்டிச் செய்தி: உலகம் எங்கே நிற்கிறது?

உலகில் வீட்டு வேலை செய்பவர்கள் சுமார் 7.56 கோடிப் பேர் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்கு. நான்கில் மூன்று பேருக்கு மேல் பெண்கள்.

அந்த அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும், மற்ற தொழிலாளர்களுக்கு இணையான சம்பள விடுப்பும் வேண்டும் என்கிறது. இந்தியா இதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

பிரிட்டனில் ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு. வாரம் மூன்று நாள் மட்டும் வரும் ஆயாவுக்கு 16.8 நாள்.

பிரான்சில் வீட்டுக்கு வந்து குழந்தை பார்ப்பவருக்கும் ஆண்டுக்கு ஐந்து வாரம். பகுதி நேரம் என்பதற்காக வாரங்கள் குறையாது.

பிலிப்பைன்ஸில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தால் ஆண்டுக்கு 5 நாள்.

அமெரிக்காவில் தனியார் வேலைக்குச் சம்பள விடுப்பைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. வீட்டு வேலைக்கென்று முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்த நியூயார்க் மாநிலம், ஒரே வீட்டில் ஓராண்டு முடித்தவருக்கு 3 நாள் சம்பள ஓய்வை 2010இல் உறுதி செய்தது.

பாதி நேரத்துக்குப் பாதி லீவா?

விடுப்பு தரச் சம்மதிக்கும் வீடுகளிலும் கணக்கு தடுமாறுவது இங்கேதான். “நாலு மணி நேரம்தானே வர்றீங்க, முழு நேரம் வர்றவங்களுக்கு 15 நாள்னா உங்களுக்கு ஏழு நாள் போதும்” என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத் தெரியும். கணக்குப் போட்டால் தவறு புரியும்.

தினமும் எட்டு மணி நேரம் வருபவருக்கு 15 நாள் விடுப்பு என்றால் அது 120 மணி நேரம். தினமும் நாலு மணி நேரம் வருபவருக்கும் அதே 15 நாள் கொடுத்தால் அது 60 மணி நேரம்தான். பாதி ஏற்கெனவே குறைந்துவிட்டது. நாள்களையும் பாதியாக்கி ஏழு என்றால் 28 மணி நேரம். கால்வாசிக்கும் கீழே போய்விடும். தினமும் வருபவர் எத்தனை மணி நேரம் வந்தாலும் விடுப்பு நாள்களின் எண்ணிக்கை குறையக் கூடாது. ஒரு விடுப்பு நாள் என்பது அவருடைய வழக்கமான வேலை நாள், அவ்வளவே.

எண்ணிக்கை குறைவது வாரத்தில் சில நாள் மட்டும் வருபவருக்குத்தான். அதற்குத் தொழிற்சாலைக் கணக்கான ‘20 நாள் வேலைக்கு ஒரு நாள்’ என்பதைப் பின்பற்றுவது மிகவும் சுலபம். வாரம் ஆறு நாள் வருபவர் ஆண்டுக்கு 312 நாள் வேலை செய்கிறார். 15 நாள் கிடைக்கும். வாரம் மூன்று நாள் வருபவருக்கு 156 நாள். ஏழரை நாளுக்கு மேல் வரும், எட்டாக வைத்துக்கொள்ளலாம். தனியாக வகுத்துப் பார்க்கும் வேலையே இல்லை. எத்தனை நாள் வந்தாரோ அதற்கேற்ப விடுப்பு சேர்ந்துகொண்டே போகும்.

பணத்தில் இது எவ்வளவு? உதாரணத்துக்கு, தினமும் நாலு மணி நேரம், ஞாயிறு தவிர வாரம் ஆறு நாள், மாதம் 7,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள். ஒரு நாள் கூலி 300 ரூபாய். 15 நாள் விடுப்பின் மதிப்பு ஆண்டுக்கு 4,500 ரூபாய், மாதத்துக்கு 375 ரூபாய். அதுவும் புதிதாகக் கையை விட்டுப் போகும் பணமல்ல. மாதச் சம்பளமாகக் கொடுக்கத் தயாராக இருந்த பணத்தில் கழிக்காமல் விடுவது. அன்றைக்கு வேறு ஆள் வைத்தால் மட்டுமே கூடுதல் செலவு. இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீட்டில் மாதம் 375 ரூபாய் என்பது ஒரு முறை சாப்பாடு ஆர்டர் செய்யும் தொகை. அதைப் பெரிய சலுகையாக எண்ண இடமில்லை.

விடுப்பு தீர்ந்த பிறகு கழிக்கத்தான் வேண்டும் என்றால், எதனால் வகுப்பது என்பது அடுத்த சிக்கல். 7,800ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 260. 26ஆல் வகுத்தால் 300. கழிக்கும்போது 300 என்றும், ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வரச் சொல்லும்போது 260 என்றும் கணக்குப் பார்க்கும் வீடுகள் உண்டு. இது அநியாயம். பணிக்கொடை கணக்கிடும்போது சட்டம் மாதச் சம்பளத்தை 26ஆல்தான் வகுக்கிறது. கழிப்பதற்கும் கொடுப்பதற்கும் அதே 26 இருக்கட்டும். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது அவர் ஏற்கெனவே சம்பாதித்த ஓய்வு என்பதும் தெளிவாகும். வார ஓய்வை 15 நாள் விடுப்பில் சேர்த்துக் கழிக்கக் கூடாது.

“பத்து நாள் வர வேண்டாம்க்கா”

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள். மே மாதம் பாட்டி வந்து ஒரு மாதம் தங்குகிறார். அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்திருப்பதால் குடும்பமே கொடைக்கானல் கிளம்புகிறது. ஆயாவுக்கு வேலை இல்லை. சம்பளம்?

ஆயாக்களுக்கு ஆண்டில் அதிகப் பணம் போவது அவர்கள் எடுக்கும் லீவில் அல்ல, வீட்டுக்காரர்கள் எடுக்கும் லீவில்தான். பாட்டி தங்கும் ஒரு மாதம் சம்பளம் இல்லை என்றால், மேலே சொன்ன கணக்கில் 7,800 ரூபாய் போய்விடும். அந்த மாதம்தான் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் கழுத்தை நெரிக்கும் காலம். அவர் வேறு வீடு தேடிக்கொள்வார். ஜூனில் பாட்டி ரயில் ஏறியதும் வீட்டில் ஆள் இருக்காது. புதிய முகத்தைப் பார்த்து வாரக்கணக்கில் வீறிட்டு அழும் குழந்தையோடு பெற்றோர் படும் பாடு, மிச்சம் பிடித்த சம்பளத்தைவிடப் பெரிது.

50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில்கூட வேலை இல்லை என்று நிரந்தரத் தொழிலாளியைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். வீட்டில் முழுச் சம்பளம் தருவதே முறை. அவர் வரத் தயாராக இருக்கிறார். வேண்டாம் என்றது வீடு. இதில் அவருடைய விடுப்பிலிருந்து ஒரு நாளைக்கூடக் கழிக்க நியாயமில்லை. நீண்ட நாள் ஊரில் இல்லாத வீடுகள், விடுப்பில் பாதியை ஆயா தேர்ந்தெடுப்பது, பாதியைத் தங்கள் பயணத்தோடு ஒட்டி வைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பிரிட்டனில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். அங்கே வேலை கொடுப்பவர் விடுப்பு நாளைத் தானே முடிவு செய்தால், அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு காலம் முன்னதாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் என்றால் இருபது நாளுக்கு முன்பே. ராத்திரி பெட்டி கட்டும்போது வாட்ஸ்அப்பில் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்பது எந்த ஊரிலும் முறையல்ல.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது அடுக்ககங்களின் கேட் வீட்டு வேலைப் பெண்களுக்கு மூடப்பட்டது. வரக் கூடாது என்று சொன்ன வீடுகளில் சில சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பின. சில போனையே எடுக்கவில்லை. அவரவர் வீட்டுக்காரர் எந்த ரகம் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்ட பெண்கள், ஊரடங்கு தளர்ந்தபோது அதை மனதில் வைத்தே வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மெட்ராஸ் ஐயும் கைக்குழந்தையும்

நோய் விடுப்பைத் தனியாக வைப்பதற்கு வலுவான காரணம் குழந்தையேதான். சம்பளம் போய்விடும் என்ற பயம் இருந்தால் ஆயா பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். இருமலை முந்தானையில் மறைப்பார். அந்தக் கையால்தான் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டுவார். அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. 300 ரூபாயை இழக்க முடியாத நிலையில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் இன்னொன்று நடக்கிறது. கண் சிவந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “சரியானப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள். குழந்தைக்காக அது சரி. ஆனால் அந்த நாலைந்து நாளையும் வட்டம் போட்டுக் கழிப்பது எப்படிச் சரியாகும்? குழந்தையின் பாதுகாப்புக்காக அவரை வீட்டில் இருக்கச் சொன்னால், அதற்கான செலவு குழந்தையின் வீட்டுக்குத்தான்.

வாரம் ஆறு நாள் வருபவருக்கு ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு என்பது கடைச் சட்டத்தின் அளவு. மூன்று நாள் வருபவருக்கு ஆறு. ஆயாவின் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இதில் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாள் காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு கேட்பதில் பொருளில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் அரை நாள் நின்று வாங்கி வரும் சீட்டு அவருக்கு இன்னொரு அலைச்சல்தான்.

■ பெட்டிச் செய்தி: பண்டிகை நாள்கள்

தமிழகத் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும், ஐந்து பண்டிகை நாள்களையும் சம்பளத்தோடு தருகிறது. இதே ஒன்பதை வீட்டுக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பண்டிகை எவை என்பது ஆயாவின் விருப்பம். கிறிஸ்தவராக இருந்தால் கிறிஸ்துமஸும் புனித வெள்ளியும், முஸ்லிமாக இருந்தால் ரம்ஜானும் பக்ரீத்தும் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கொண்டாடும் பண்டிகைக்கு மட்டும் லீவு விடுவது விடுப்பல்ல.

பண்டிகை அன்று வரச் சொன்னால் இரட்டைக் கூலி, அல்லது ஒரு நாள் கூலியும் வேறொரு நாள் ஓய்வும்.

தீபாவளி போனஸ் வேறு, விடுப்பு வேறு. “போனஸ் தர்றோமே” என்று சொல்லி லீவைக் கழிப்பது இரண்டையும் கெடுக்கும்.

சாவு, திருவிழா, ரேஷன் கடை

முன்கூட்டியே தெரியும் விடுப்பும் தெரியாத விடுப்பும் உண்டு. ஆடி மாதம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் போவது ஆண்டுதோறும் நடப்பது. அதை ஜூன் மாதமே கேட்டு காலண்டரில் குறித்துவிட்டால் பெற்றோரும் அலுவலகத்தில் லீவு போட்டுக்கொள்ளலாம். ஆயாவும் தேதி தெரிந்ததும் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை பார்க்கும் வேலையில் பாத்திரத்தைப் போல நாளைக்குச் சேர்த்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. முன்கூட்டிச் சொல்வதை எதிர்பார்க்கப் பெற்றோருக்கு முழு நியாயம் இருக்கிறது.

வீட்டில் சாவு என்றால் கணக்கே வேறு. கணவனோ பெற்றோரோ இறந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை அந்தப் பெண்ணால் வீட்டை விட்டு வர முடியாத குடும்பங்கள் உண்டு. ஒரு வாரமாவது சம்பளத்தோடு தந்து, மீதியைச் சேர்ந்திருக்கும் விடுப்பில் வைத்துக்கொள்ளலாம். ரேஷன் கடை, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், ஆதார் திருத்தம் போன்றவற்றுக்கு ஒரு மணி நேரத் தாமதத்தை லீவாக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் ‘பெர்மிஷன்’ கேட்பதைப் போன்றதுதான் அது.

மாற்றாள் தேடும் பொறுப்பு ஆயாவுடையது அல்ல. “நீங்க வரலைன்னா உங்க தங்கச்சியை அனுப்புங்க” என்பார்கள். தங்கைக்குக் குழந்தை பழகியிருக்காது. அவருக்கும் வேறு வீடு இருக்கும். தங்கை வந்தாலும் அவருக்குத் தனிக் கூலி தர வேண்டும். அக்காவின் சம்பளத்திலிருந்து பிரித்துக் கொடுத்தால் அக்காவுக்கு அது சம்பள விடுப்பு ஆகாது. பக்கத்துப் பிளாக்கில் அதே வயதுக் குழந்தை இருக்கும் வீட்டோடு பேசி, ஒரு ஆயா வராத நாளில் இன்னொரு வீடு கைகொடுப்பது என்று வைத்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக உதவும். அப்போது இரண்டு குழந்தையைப் பார்க்கும் ஆயாவுக்கு அன்று கூடுதல் பணம் தர வேண்டும்.

ஒரு பக்க நோட்டு

இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். வேலை நேரம், வார ஓய்வு, மாதச் சம்பளம், ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, பண்டிகை நாள்கள், வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது சம்பளம், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற எட்டு வரிகள். தமிழில் எழுதி, படித்துக் காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. எழுத்து கடினம் என்பவருக்கு அதையே வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பலாம். பிறகு சந்தேகம் வந்தால் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளலாம். சுவர் காலண்டரில் வீட்டுக்காரர் மட்டும் வட்டம் போடுவதற்குப் பதில், எடுத்த விடுப்பையும் மீதியையும் ஆயாவின் கையாலேயே குறிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

அட்வான்ஸ் கணக்கை இதே பக்கத்தில் சேர்க்கக் கூடாது. ஐயாயிரம் முன்பணம் வாங்கியவர் லீவு கேட்கவே கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. கடன் வேறு, உழைத்துச் சேர்த்த விடுப்பு வேறு.

ஆண்டு முடிவில் மீதி விடுப்பு இருந்தால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது நாள் கூலியாகக் கொடுத்துவிடலாம். புதிய சட்டத் தொகுப்பே 30 நாள் வரை சேர்த்துவைக்க அனுமதிக்கிறது. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கி ஆயா தேவைப்படாத நாளில், ஒரு மாத முன்னறிவிப்போடு மீதி விடுப்புக்கான பணத்தையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றுமில்லை. வீட்டில் ஆயா வைத்திருப்பவர்கள், அடுத்த சம்பள நாளன்று பணத்தை நீட்டுவதற்கு முன்பு பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து இந்த எட்டு வரிகளைப் பேசி எழுதிவிடுங்கள்.